எட்டாத ஒளியை எட்டச் செய்தல்

தற்காலத்தில் நம் இல்லங்களில் மிகுந்த கவலையுடன் தேடப்படும் வஸ்து எது என்று கேட்டால், சாவிக் கொத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இரண்டாவது ஸ்தானந்தான் கிடைக்கும். முதல் ஸ்தானம் டெலிவிஷன் பெட்டியின் ரிமோட்டுக்கே உரியது. அது மெத்தைக்கு அடியில் இருக்கும். சில சமயம் தேடுகிறவரின் மடியிலேயே இருக்கும். அகப்பட்ட பிறகும் அது வேலை செய்யாவிட்டால் முதலில் அதன் முதுகில் இரண்டு அறை விழுகிறது. பிறகு பாட்டரிகளை வெளியில் எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி, மறுபடியும் உள்ளே போடுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றுகொண்டு அமுக்குகிறார்கள். தூரத்திலிருந்து இயக்குவதற்காக ஏற்பட்ட கருவியைப் பக்கத்தில் போய் நின்று இயக்குகிறோமே என்று யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை!

பெரியவர்கள் இவ்விதம் திருப்தியடைந்துவிடுகிறார்கள். வீட்டிலுள்ள பிள்ளைகள் அப்படியல்ல. பள்ளி, கலாசாலை மாணவர்களில் பலர் இப்போது ஓய்வு நேரத்தில் சிறு மின்னணுக் கருவிகளைத் தாங்களே பூட்டிப் பார்க்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்கு ஒளி டையோடு கிடைக்கிறது. அதன் செய்தியைப் பெறும் கண் கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோப் பலகை கிடைக்கிறது. இவற்றை இணைத்து, அமுக்கினால் விளக்கு எரியும்படி செய்துவிடுகிறார்கள். முதல் நாள் ஆனந்தம் சொல்லி முடியாது. இரண்டாம் நாள் ஒரே கேள்வி எழுகிறது: "நாலு மீட்டருக்கு மேல் எட்டவில்லையே, ஏன்?" இந்தக் கேள்விக்குத்தான் இவ்வாரம் பதில் சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

ரிமோட்டின் நுனியிலிருந்து புறப்படுவது ஒளிதான். ஆனால் நம் கண்ணுக்கு அது தெரியாது. சிவப்புக்கும் அப்பால் இப்படி ஓர் ஒளி இருக்கிறதென்று கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியில் ஹனோவரில் பிறந்து, இங்கிலாந்தில் சங்கீதத்தினால் ஜீவனம் செய்து, வான சாஸ்திரப் பித்துப் பிடித்தவர். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டவரும் இவரே. 1800-ல் இவர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியாகப் பிரித்து, ஒவ்வொரு வர்ணத்திலும் உஷ்ணமானியை வைத்து அளந்தார். சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்த உஷ்ணமானியும் ஏறிற்று. மற்ற வர்ணங்களில் வைத்தவற்றைவிட அதிகமாகவே ஏறிற்று. ஒன்றும் இல்லாத இடம் என்று கண் சொன்னதைப் பாதரசம் மறுத்துவிட்டது. அதுவே அகச்சிவப்பு ஒளி.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரை நினையாமல் மேலே செல்வதற்கில்லை. ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லா அலைகளை உணர்வதற்காக, கலீனா என்னும் ஈயக் கனிப்பொருளை வைத்து ஓர் உணர்கருவி அமைத்தார். அது மின் அலைகளுடன் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் தெரியாத ஒளிக்கும்கூட அசைந்து கொடுத்தது. 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் கிடைத்த அதன் அமெரிக்கப் பேட்டண்டை, அரைக்கடத்திக் கருவிக்கு ஏற்பட்ட முதற் பேட்டண்ட் என்று இன்று சரித்திரக்காரர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். இன்று ரிமோட்டின் எதிர்ப்புறத்தில் இருக்கும் கண்ணும் அரைக்கடத்தியாலானதுதான். கல்கத்தாவில், போதிய வசதியில்லாத ஓர் அறையில், நாட்டுத் தகரக் கொல்லர் ஒருவரின் உதவியுடன் கருவிகளைச் செய்துகொண்டவர் அவர். ஆகவே, "பிறநாட்டுச் சாமான், நமக்கென்ன தெரியும்?" என்று நம் பிள்ளைகள் கூச்சப்படவேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

டெலிவிஷன்காரர்கள் இந்த ஒளிக்கு வந்து சேர்ந்ததும் ஒரு வேடிக்கைதான். அமெரிக்காவில் ஜெனித் கம்பெனியார் 1955-ல் ஒளியால் இயங்கும் 'பிளாஷ்மாட்டிக்' என்ற கருவியை வெளியிட்டார்கள். பெட்டியின் நான்கு மூலைகளிலும் நான்கு கண்கள். கையில் துப்பாக்கி போன்ற ஒரு டார்ச் விளக்கு. ஜன்னல் வழியாக வெயில் விழுந்ததும் பெட்டி தானாகவே நிகழ்ச்சியை மாற்ற ஆரம்பித்தது! அடுத்த வருஷமே ஒளியைக் கைவிட்டு, அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியால் தட்டி, காதுக்குக் கேளாத நாதத்தை எழுப்பிப் பெட்டியை இயக்கினார்கள். ஒளி மீண்டும் வந்தபோது கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வந்தது. அத்துடன் தாளத்தோடும் வந்தது. இந்தத் தாளத்தை அறிந்துகொண்டால்தான் தூரத்தைப் பற்றிப் பேச முடியும்.

திருவிழாவில் ஆயிரம் தீவட்டிகள் எரிகின்றன. கூட்டத்தின் அக்கரையிலிருக்கும் நண்பர் தாமும் ஒரு தீவட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் அதை ஒரே கதியில் மேலும் கீழும் ஆட்டினால் உடனே தெரிந்துவிடும். சூரியனும், குண்டு விளக்கும், அடுப்பு நெருப்பும்கூட அகச்சிவப்பு ஒளியைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அவற்றினின்று வேறுபடுத்துவதற்காக ரிமோட் தன் ஒளியை விநாடிக்கு 38,000 தடவை ஏற்றி இறக்குகிறது. சில கம்பெனியார் 36,000, சிலர் 40,000 என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெறும் கண்ணுக்குள் இருக்கும் வடிகட்டி தனக்கு உரிய கதியை மாத்திரம் உள்ளே விட்டு, மற்றதைத் தள்ளிவிடுகிறது. ஆகவே, வாங்கும்போது கண்ணின் கதி என்னவென்று பார்க்கவேண்டும். 38,000-க்கு ஏற்பட்ட கண்ணை 555 என்ற பழைய கடிகாரச் சில்லைக் கொண்டு ஏறக்குறைய 34,000-ல் ஓட்டிவிட்டு, "தூரம் போதவில்லை" என்று கையைப் பிசைவதில் பயனில்லை. பத்தில் ஒரு பங்கு கதி பிசகினாலே கண்ணுக்குக் கூர்மை நன்றாகக் குறைந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனெனில் அநேகர் இதில்தான் திகைத்து நிற்கிறார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக 38,000 கதியில் இடைவிடாமல் ஒளியை அனுப்பினால் சாதாரணக் கண்கள் அதைச் சட்டை செய்யாது. ஓயாமல் அடிப்பது ஏதோ குழல்விளக்கின் தொல்லை என்று எண்ணித் தம் செவியைத் தாமே மந்தப்படுத்திக்கொள்ளும். பேச்சுக்கு நடுவே மூச்சு விடுவதுபோல், ஒளிக் கொத்துகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். என்.ஈ.ஸி. முறை என்று வழங்கும் பிரசித்தமான சங்கேதத்தில் முதலில் 9 மில்லி விநாடி ஒளி, பிறகு 4½ மில்லி விநாடி மௌனம், அதன் பிறகே 32 சிறு குறிகள் வருகின்றன. அந்த முப்பத்திரண்டில் பாதி, மற்றப் பாதியைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வது. இரண்டும் பொருந்தாவிட்டால் செய்தியைத் தள்ளிவிடலாம். எல்லைக் கோட்டில் நிற்கும் பலவீனமான ஒளியில் இந்தச் சாட்சி மிகவும் பிரயோஜனப்படும்.

இனி விஷயத்திற்கு வருவோம். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கும் கடிதம் நம் மேஜைமேல் இருக்கிறது. பாரிசவாதத்தினால் அவருடைய தகப்பனாருக்கு வலப்பக்கம் முழுவதும் செயலற்றுவிட்டது. பேச்சும் தெளிவாக வரவில்லை. கூடத்தில் கட்டில். தாயார் பகற்பொழுது பெரும்பாலும் முற்றத்துக்கு அப்பால் இரண்டாங்கட்டுச் சமையலறையில். கட்டிலுக்கும் சமையலறைக்கும் 14 மீட்டர். தகப்பனார் கையில் ஒரு சிறு ரிமோட்டும் சமையலறையில் மணியும் வைத்திருக்கிறார் பிள்ளை. 4 மீட்டருக்கு மேல் எட்டவில்லை. "அப்பா அமுக்கிவிட்டு, வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குக் கேட்பதே இல்லை. இதை எப்படியாவது சமையலறை வரை எட்டச் செய்ய வழி சொல்லுங்கள்" என்று எழுதுகிறார். உருப்படியான கேள்வி. முழுவதையும் இதை வைத்தே விளக்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலாவதாக, தூரத்தின் கணக்கு. விளக்கை விட்டு விலக விலக ஒளி நாலாபக்கமும் பரவி மெலிகிறது. இரண்டு மடங்கு தூரம் போகவேண்டுமானால் நாலு மடங்கு ஒளி வேண்டும்; மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு. "ஒரு டையோடுக்குப் பதில் இரண்டு வைத்தேன், தூரம் இரட்டிக்கவில்லையே!" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. இரண்டு வைத்தால் 4 மீட்டர் என்பது சுமார் 5½ மீட்டர் ஆகும்; அவ்வளவே. நம் நண்பருக்கு நாலிலிருந்து பதினாலு, அதாவது மூன்றரை மடங்கு தூரம். ஒளியில் அது 12 மடங்குக்கும் மேல்.

அவ்வளவு ஒளி எங்கிருந்து வரும்? அவர் அனுப்பியிருக்கும் படத்தைப் பார்த்தால், டையோடை 220 ஓம் தடையின் வழியாக ஆர்டுயினோவின் காலிலேயே நேராகக் கட்டியிருக்கிறார். 5 வோல்ட்டில் டையோடு 1.3 வோல்ட்டை எடுத்துக்கொண்டால், ஓடும் மின்சாரம் சுமார் 17 மில்லி ஆம்பியர். ஆர்டுயினோவின் கால் 20 மில்லி ஆம்பியர் வரை நிம்மதியாகக் கொடுக்கும். அதற்கு மேல் பிடுங்கினால் பலகைக்கே ஆபத்து. டையோடோ 100 மில்லி ஆம்பியரைச் சதா தாங்கக்கூடியது. யானைக்குக் கவளம் கொடுக்கவேண்டிய இடத்தில் சோழிப் பொறி கொடுப்பது போலத்தான். நடுவில் ஒரு டிரான்ஸிஸ்டர் வேண்டும். கால் டிரான்ஸிஸ்டருக்கு உத்தரவு கொடுக்கட்டும். டிரான்ஸிஸ்டர் டையோடுக்கு மின்சாரம் கொடுக்கட்டும். எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கும் பி.ஸி. 547 இதற்குப் போதாது. அதன் உச்ச வரம்பே 100 மில்லி ஆம்பியர். பி.ஸி. 337 ஆனால் 800 வரை தாங்கும். அதன் அடிவாய்க்கு 470 ஓம், டையோடுடன் தொடராக 33 ஓம். ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியர் ஓடும்.

ஆக, ஒளி ஆறு மடங்கு. தூரம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. 4 மீட்டர் 9½ மீட்டர் ஆகிவிட்டது. ஒரு டிரான்ஸிஸ்டர் செய்த வேலை இது!

இரண்டு டையோடுகளைத் தொடராகக் கட்டி 22 ஓம் தடையை வைத்தால், அதே மின்சாரம் இரண்டின் வழியாகவும் ஓடி இரட்டை ஒளி தரும். மின்சாரச் செலவு கூடுவதில்லை. முன்பு தடையில் வீணாகச் சூடாகப் போனது இப்போது ஒளியாகிறது. தூரம் 13 மீட்டர். 14-க்கு ஒரு மீட்டர் குறைகிறது.

பாட்டரியில் ஓட்டுகிறவர்கள் டையோடுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோபாரட் கெபாஸிடர் ஒன்றைக் குறுக்கே கட்டவேண்டும். ஒளி பாயும் அந்தக் கணத்தில் பழைய பாட்டரி தளர்ந்துவிடும். கெபாஸிடர் வீட்டு வாசல் தொட்டி நீர் போல் கைகொடுக்கும்.

அடுத்தது ஒளியைக் குவிப்பது. ஒளி டையோடுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தலையிலுள்ள குமிழின் வளைவைப் பொறுத்து, சில நடுக்கோட்டுக்கு இருபுறமும் 25 பாகை விரித்து ஒளிவிடும். சில 17 பாகை. சில 10 பாகைதான். ஒளியின் மொத்தம் ஒன்றே. பாய்ச்சும் வாய்க்காலின் அகலந்தான் வேறு. விரிந்ததை விட்டு 10 பாகையுள்ளதை எடுத்துக்கொண்டால் நடுக்கோட்டில் ஒளி மூன்று மடங்குக்குக் குறையாமல் பெருகும். 13 மீட்டர் 22 மீட்டர் ஆகும். காசுச் செலவில்லாமல் வரும் லாபம் இது. கடையில் கேட்டு வாங்கும்போது அலை நீளம் 940 நானோமீட்டர் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். வாயு மண்டலத்தில் உள்ள நீராவி இந்த இடத்தில் வெயிலைச் சிறிது விழுங்கிவிடுகிறபடியால், சூரியனுடைய போட்டி இங்கே கொஞ்சம் தளர்வு. இயற்கையே செய்துகொடுத்திருக்கும் சகாயம்!

ஆனால், குவித்த ஒளியைக் குறி பார்த்து விடவேண்டுமே! இங்கேதான் நம் நண்பர் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவேண்டும். நடுங்கும் இடக் கையால், படுத்தபடியே, முற்றத்துக்கு அக்கரையிலுள்ள ஒரு மிளகளவு கண்ணைக் குறி பார்த்து அமுக்கும்படி அந்தப் பெரியவரிடம் சொல்லலாமா? தூரத்தை வாங்கினால் அகலத்தை இழக்கிறோம். அகலம் இல்லாத ரிமோட் நோயாளிக்கு உதவாது. விஞ்ஞானப் புஸ்தகங்கள் தூரத்தை மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கும். அமுக்குகிற கையைக் கணக்கில் சேர்க்கவேண்டியவர் கருவியைச் செய்கிறவர்.

நம் யோசனை இது. ரிமோட்டைக் கையிலிருந்து எடுத்துவிடவேண்டும். கையில் இருக்கவேண்டியது ஒரு பெரிய பொத்தான் மாத்திரம். அழைப்பு மணிப் பொத்தானே போதும். அதிலிருந்து இரட்டைக் கம்பி கட்டிலின் கால் வழியாக இறங்கிச் சுவரில் ஏறட்டும். சுவரில், ஆள் நடமாட்டம் மறைக்காத உயரத்தில், அனுப்பும் கருவியை ஆணியடித்து நிறுத்தி, அதன் முகத்தைச் சமையலறைக் கண்ணுக்கு நேராகத் திருப்பிவிடவேண்டும். ஒரு தடவை குறி பார்த்தால் போதும். பிறகு அது அசையப்போவதில்லை. ஆகையால் 10 பாகை டையோடுகளைத் தாராளமாக உபயோகிக்கலாம்.

"கம்பி இழுப்பதாக இருந்தால் சமையலறை வரைக்குமே இழுத்துவிடலாமே! ஒளி எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இழுக்கக் கூடிய வீடானால் கம்பியே உத்தமம். கம்பிக்கு வெயில் கிடையாது, குறி கிடையாது, பாட்டரி கிடையாது. நண்பரின் வீட்டில் திறந்த முற்றம் நடுவில் இருக்கிறது. தரையைத் தோண்டவும் தலைக்கு மேல் கம்பி கட்டவும் வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால்தான் ஒளியைத் தேடி வந்தார். சுவரைத் துளைத்துச் செல்லும் ரேடியோ அலை மணிகள் கடைகளில் விற்கின்றனவே என்றால், அதுவும் வாஸ்தவம். அவசரத்துக்கு அவற்றில் ஒன்றை இன்றே வாங்கி வைத்துவிடும்படி நாம் அவருக்குச் சொல்வோம். சொந்தமாகச் செய்த கருவி பூரணமாகும் வரையில் தகப்பனார் காத்துக்கொண்டிருக்க முடியாது. வாங்கிய மணியும் செய்த மணியும் சேர்ந்து இருப்பதில் குற்றமில்லை.

இப்போது எதிர்முனை. பெறும் கண்ணைத் தூண்டுவதைவிட, அதன் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியை அகற்றுவதே பெரிய காரியம். நடுப்பகலில் முற்றத்து வெயில் நேராக விழுந்தால் கண்ணுக்குள் இரைச்சல் மிகுந்து, பலவீனமான செய்தி அதில் அமிழ்ந்து போகும். இரவில் 20 மீட்டர் எட்டியது பகலில் 8 மீட்டரில் நின்றுவிட்டது என்றால் கருவி கெட்டுவிட்டதென்று எண்ணக் கூடாது. ஒரு சாண் நீளக் குழாயை உள்ளே கறுப்புக் காகிதம் ஒட்டி, அதன் அடியில் கண்ணை வைத்து, அனுப்பும் கருவியை மாத்திரம் பார்க்கும்படி நிறுத்தினால் தொல்லை பெரிதும் அடங்கும். கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பவனுக்கு ஒரு துண்டு வானந்தானே தெரியும்! சமையலறையில் எலெக்ட்ரானிக் சோக்கு வைத்த குழல்விளக்கு இருந்தால் அதன் பக்கம் கண் திரும்பியிருக்கக் கூடாது. அவ்விளக்குகள் விநாடிக்குப் பதினாயிரக்கணக்கில் துடிப்பவை. சில சமயம் நம் 38,000-க்கு மிக அருகே வந்து தொந்தரவு செய்யும். கண்ணுக்குப் போகும் மின்சாரத்திலும் இரைச்சல் இருக்கலாம். ஆகவே 100 ஓம் தடையொன்றைத் தொடராகவும், 4.7 மைக்ரோபாரட் கெபாஸிடர் ஒன்றைக் குறுக்கேயும் கட்டிவிடுவது நலம். இரண்டு ரூபாய்ச் சாமான். இதைச் செய்யாதவர் அநேகர்.

இன்னும் தூரம் வேண்டுமென்போர் பூதக் கண்ணாடியை நாடலாம். கண்ணின் குமிழ் சுமார் 5 மில்லி மீட்டர் அகலம். அதற்கு முன் 50 மில்லி மீட்டர் அகலமுள்ள பூதக் கண்ணாடியை வைத்து, குவியும் இடத்தில் கண்ணை நிறுத்தினால், கணக்குப்படி 100 மடங்கு ஒளி சேரும். கண்ணாடியில் பட்டுத் திரும்புவது, குவியல் பிசகுவது எல்லாம் போக அதில் பாதி வந்தாலும் ஏழு மடங்கு தூரம்! தெருவின் இந்த வீட்டு மாடிக்கும் அந்த வீட்டு மாடிக்கும் செய்தி அனுப்ப விரும்பும் பிள்ளைகளுக்கு இது ஏற்ற வேலை. ஒரே எச்சரிக்கை: சூரியன் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும் திசையில் அதை வைக்கவே கூடாது. காகிதத்தைச் சுடும் கண்ணாடி, கண்ணையும் சுட்டுவிடும். வைக்கோற்போர் அருகில் இருந்தால் அதையும்.

இங்கே மனிதக் கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரகாசமான ஒளி பட்டால் நாம் தானாகவே இமையை மூடிக்கொள்கிறோம். அகச்சிவப்பு ஒளி தெரியாததனால் இமைக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ரிமோட்டில் உள்ள ஒற்றை டையோடுக்காகப் பயப்பட வேண்டுவதில்லை. பத்து, இருபது டையோடுகளை ஒன்றாகக் கட்டி அதிக மின்சாரம் பாய்ச்சி, எரிகிறதா என்று முகத்தருகே வைத்துப் பார்ப்பதுதான் விபரீதம். அகச்சிவப்பு லேஸரை வைத்து விளையாடவே கூடாது. டையோடு எரிகிறதா என்று அறியக் கைப்பேசியின் காமிராவே போதும். திரையில் வெளிர் ஊதாப் பொட்டாகத் தெரியும். பின்புறக் காமிராவில் தெரியாவிட்டால் முன்புறத்ததில் பார்க்கலாம். பல கைப்பேசிகளில் பின்புறத்துக்கு மட்டும் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி பலமாக இருக்கிறது.

சுவர் மறைக்கும் வீடுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளையடித்த சுவர் இந்த ஒளியையும் சிதறிக் கொடுக்கும். ஆகவே ஒரே அறைக்குள் எதிர்ச் சுவரைப் பார்த்து அமுக்கினாலும் பலிக்கும். ஆனால் சாத்திய கதவைத் தாண்டாது. அப்போது அஞ்சல் முறை வேண்டும்: இந்த அறையில் ஒரு கண், கம்பி, அடுத்த அறையில் ஒரு டையோடு. கண்ணிலிருந்து வெளிவரும் செய்தியில் 38,000 கதி வடிகட்டப்பட்டுப் போயிருக்கும். அதை மறுபடி புகட்டியே டையோடுக்கு அனுப்பவேண்டும். அஞ்சல் டையோடின் ஒளி அஞ்சல் கண்ணிலேயே பட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். பட்டால், தன் குரலையே கேட்டு மறுபடி மறுபடி கத்தும் ஒலிபெருக்கியின் கதிதான்.

நண்பரின் காரியத்தில் இவை எல்லாவற்றையும்விட நம் மனத்தை உறுத்துவது வேறு. இந்தக் கருவி கெட்டால் எப்படித் தெரியும்? மணி அடிக்கவில்லையென்றால், தகப்பனார் கூப்பிடவில்லை என்று தாயார் எண்ணிக்கொள்வார். உண்மையில் டையோடின் முகத்தில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம், யாரோ முற்றத்துக் கொடியில் எட்டு முழ வேஷ்டியை உலர்த்தியிருக்கலாம், மின்சாரமே நின்றிருக்கலாம். சௌக்கியமாக இருக்கும் மௌனமும் அபாயமான மௌனமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இதற்கு எளிய உபாயம் உண்டு. சுவரில் நிலையாக இருக்கும் அனுப்புங் கருவி, யாரும் அமுக்காமலே நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று ஒரு தனிச் சங்கேதத்தை அனுப்பிக்கொண்டிருக்கட்டும். சமையலறைக் கருவி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமலிருக்கும். மூன்று நிமிஷம் அது வராவிட்டால், சமையலறைக் கருவி தானாகவே கீச்சுக் கீச்சென்று கத்தவேண்டும். தாயார் எழுந்து வந்து வேஷ்டியை நகர்த்துவார். சமையலறைக் கருவிக்கு மாத்திரம் மின்சாரம் நின்றாலும் ஓடும்படி பாட்டரி இருக்கவேண்டும். பொத்தானை அமுக்கும்போது செல்லும் அழைப்பையும் ஒரு முறையோடு விடாமல் மூன்று முறை அனுப்பலாம். ஒன்று தவறினாலும் மற்றொன்று எட்டும்.

எட்டுகிறதா என்று சோதிக்கவும் ஒரு முறை உண்டு. 14 மீட்டரில் மணி அடித்துவிட்டதென்று திருப்தியடையக் கூடாது. எல்லையின் விளிம்பில் நிற்கும் கருவி நாளைக்கே ஒரு படலம் தூசியில் தோற்றுப்போகும். இரு மடங்கு தூரத்துக்குத் தெம்பு இருக்கவேண்டும். 28 மீட்டர் வீட்டுக்குள் கிடையாதே என்றால், ஒளியை நாலில் ஒரு பங்காக்கிவிட்டு அதே 14 மீட்டரில் பார்ப்பது இரட்டைத் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். 22 ஓம் தடையைக் கழற்றி 100 ஓம் போட்டால் மின்சாரம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகும். வெயில் உச்சிக்கு வந்த வேளையில், சமையலறை விளக்குகளையும் போட்டுவிட்டு, பத்துத் தடவை அமுக்கிப் பார்க்கட்டும். பத்துக்குப் பத்து மணி அடித்தால் கருவியை நம்பலாம். எட்டோ ஒன்பதோ என்றால் குறியைச் சரிபார்த்து, குழாயை நீட்டி, அதற்கும் போதாவிட்டால் இன்னும் இரண்டு டையோடு சேர்த்து, மறுபடி பத்துத் தடவை பார்க்கவேண்டும். சோதனை முடிந்ததும் 100 ஓமை எடுத்துவிட்டு 22 ஓமைத் திரும்பப் பற்றவைக்க மறந்துவிடக் கூடாது.